பணிசெயல் முறைமையும் அறிவுறுத்தல் தொகுதியும்

மாணவர்களே, "பணிசெயல் முறைமை ஒன்றாக இருந்தால் எந்தச் செய்நிரலும் எந்தக் கணினியிலும் இயங்கும்" எனப் பலர் விடை எழுதுகின்றனர். இது பாதி விடையே. மீதியைப் பழைய கணினிகளைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

1. அறிவுறுத்தல் தொகுதி

ஒரு முறைவழியாக்கி விளங்கிக்கொள்ளும் பொறிமொழிக் கட்டளைகள் யாவும் சேர்ந்ததே அதன் அறிவுறுத்தல் தொகுதி எனப்படும். "அடுத்து வரும் எண்ணைப் பதிவகத்தில் இடு" என்னும் கட்டளையின் துவித வடிவத்தைப் பாருங்கள்.

இன்டெல் 8080 (1974) – 00111110
மொஸ் 6502 (1975) – 10101001
சைலொக் இசட் 80 (1976) – 00111110

8080 உம் இசட் 80 உம் ஒத்திருக்கின்றன. 8080 இன் கட்டளைகளை உள்ளடக்கி, மேலும் பலவற்றைச் சேர்த்தே இசட் 80 அமைக்கப்பட்டது. எனவே 8080 இன் செய்நிரல்கள் பெரும்பாலும் இசட் 80 இல் இயங்கின. ஆனால் இசட் 80 இன் புதிய கட்டளைகளைப் பயன்படுத்திய செய்நிரல்கள் 8080 இல் இயங்கவில்லை. 6502 இலோ 00111110 என்பது பிற்றுகளை இடப்புறம் சுழற்றும் வேறொரு கட்டளையாகும்.

2. பணிசெயல் முறைமை

1974 இல் கேரி கில்டால் 8080 இற்காக சி.பி./எம். என்னும் பணிசெயல் முறைமையை உருவாக்கினார். வட்டு, விசைப்பலகை, திரை என்பன கணினிக்குக் கணினி வேறுபட்டன. இவற்றுடன் நேரடியாகத் தொடர்புகொள்ளும் பகுதி 'பயொஸ்' எனத் தனியாக வைக்கப்பட்டது. புதிய கணினிக்கு அப்பகுதியை மாற்றி எழுதினால் போதும். இதனால் ஒரே செய்நிரல் பல நிறுவனங்களின் கணினிகளில் இயங்கியது. எனினும் அக்கணினிகளில் 8080 அல்லது அதனுடன் ஒத்திசையும் முறைவழியாக்கி இருக்கவேண்டியிருந்தது.

3. உதாரணம்

1977 இல் வெளிவந்த அப்பிள் 2 கணினியில் இருந்தது 6502. ஆகவே அதில் சி.பி./எம். நேரடியாக இயங்காது. 1980 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் இசட் 80 பொருத்தப்பட்ட 'சொப்ட்கார்ட்' என்னும் அட்டையை வெளியிட்டது. அதனை அப்பிள் 2 இல் செருகியதும் சி.பி./எம். இயங்கியது. இங்கு இரண்டாவது முறைவழியாக்கி ஒன்றே தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க.

மாதிரி வினா

சொப்ட்கார்ட் இல்லாத அப்பிள் 2 இல் சி.பி./எம். செய்நிரல் நேரடியாக இயங்காமைக்குக் காரணம் தருக.

விடை: அச்செய்நிரல் 8080 அல்லது இசட் 80 இன் அறிவுறுத்தல் தொகுதியில் எழுதப்பட்டது. அப்பிள் 2 இலுள்ள 6502 இன் அறிவுறுத்தல் தொகுதி வேறானது.

நினைவில் வைத்திருங்கள்: பணிசெயல் முறைமை வன்பொருள்களின் வேறுபாட்டை மறைக்கும், முறைவழியாக்கியின் மொழியை மாற்றாது. விடையில் இரண்டையும் குறிப்பிடத் தவறாதீர்கள்.