மடக்கிப் பிடிக்கிற பிள்ளைக்கு என்ன தொழில்?

கபடியில் பாடி வருகிறவரின் கணுக்காலை எட்டிப் பிடித்து, நடுக்கோட்டைத் தொட விடாமல் வைத்திருக்கிற பிள்ளைகள் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் இருக்கிறார்கள். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கழக ஆட்டம் நடக்கும் மாலைகளில் அவர்களைக் காணலாம். ஊர் கைதட்டும், கழகம் ஒரு கிண்ணத்தை வாங்கி வைக்கும். ஆனால் இந்தப் பிள்ளைக்கு 25 வயதில் என்ன சம்பளம், 35 வயதில் முழங்கால் எப்படி இருக்கும் என்று யாரும் அவனோடு உட்கார்ந்து பேசுவதில்லை. பாய்ந்து பிடிப்பது ஒரு தொழில் திறமை. அதை வைத்து எங்கே போகலாம், எவ்வளவு காலம் ஓடும், நடுவில் என்னென்ன உடையும் என்பது ஆட்டக்காரருக்கும் அவர் வீட்டுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

உலகத்தில் இந்தத் திறமைக்கு மிக அதிகமாகப் பணம் கொடுக்கிற இடம் என்.எஃப்.எல். என்ற அமெரிக்க உதைபந்தாட்ட லீக். அமெரிக்க உதைபந்தாட்டத்தில் தடுக்கும் அணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர் லைன்பேக்கர். பந்து ஓடி வருமா, வீசப்படுமா என்பதை நொடிப் பொழுதில் கணித்து, ஓடி வருபவரை மோதித் தரையில் சாய்ப்பது அவர் வேலை. தடுக்கும் அணியில் ஒருவருடைய தலைக்கவசத்துக்குள் சிறிய ஒலிபெருக்கி இருக்கும். பயிற்றுநரின் கட்டளையை அதில் கேட்டு மற்றப் பத்துப் பேருக்கும் சொல்கிறவர் பெரும்பாலும் நடு லைன்பேக்கர்தான். பலசாலி என்பது மட்டும் போதாது, ஆட்டத்தைப் படிக்கவும் தெரிய வேண்டும். கபடியில் பாடி வருபவரின் காலசைவைப் பார்த்தே அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று அறிகிறவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல.

அந்த உச்சத்துக்குப் போன தெற்காசிய வழித்தோன்றல் ஒருவரின் தொழில் வாழ்க்கையைப் பார்ப்போம். பிராண்டன் சில்லர் 1982இல் பிறந்தவர். தந்தை இந்தியர். கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் ஆடி, 2004இல் லீக்கின் புதிய வீரர் தெரிவில் நான்காவது சுற்றில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்குத் தெரிவானார். 2008இல் கிரீன் பே பாக்கர்ஸ் அணிக்கு மாறினார். 2009ஆம் ஆண்டின் இறுதியில் அந்த அணி அவரோடு மேலும் 4 ஆண்டுக்கு ஒப்பந்தம் செய்தது. அடுத்த பருவத்திலேயே தோள்பட்டைக் காயம் வந்து, அவர் பெயர் காயமடைந்தோர் பட்டியலுக்குப் போனது. அதே பருவத்தில் அணி லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் போலை வென்றபோது அவரால் ஆட முடியவில்லை. 2011 ஜூலையில் அணி அவரை விடுவித்தது. அப்போது வயது 28.

4 ஆண்டு என்று கையெழுத்திட்ட ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகூட ஓடவில்லை. அந்த லீக்கில் ஒப்பந்தத் தொகை முழுவதற்கும் உத்தரவாதம் கிடைப்பது அரிது. எந்தப் பகுதிக்கு உத்தரவாதம் என்று எழுதியிருக்கிறதோ அதைத்தான் நம்பலாம். 2025 பருவத்தில் ஒரு புதிய வீரரின் ஆகக் குறைந்த சம்பளம் 8,40,000 டொலர். ஆனால் அது பருவம் முழுவதும் அணிப் பட்டியலில் இருப்பவருக்கு. இடையில் நீக்கப்பட்டால் கொடுப்பனவும் பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும். மொத்தம் 32 அணிகள், ஓர் அணிக்கு 53 பேர். கதவு எவ்வளவு ஒடுக்கமானது என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள்.

அந்த ஆட்டம் நம் கரை வரைக்கும் ஒருமுறை வந்தது. 2011இல் அறிவிக்கப்பட்ட 'எலீட் ஃபுட்போல் லீக் ஆஃப் இந்தியா' என்ற தொடரில் சில்லரும் முதலீட்டாளராகச் சேர்ந்தார். அதன் முதல் பருவ ஆட்டங்கள் 2012இல் கொழும்பில் நடந்தன. 'கொழும்பு லயன்ஸ்' என்று இலங்கையின் பெயரிலும் ஓர் அணி இருந்தது. கிண்ணத்தைப் புனே அணி வென்றது. அந்தத் தொடர் நிலைக்கவில்லை. புதிதாகத் தொடங்கும் எந்த லீக்கும் உங்களை அழைத்தால் போய் ஆடுங்கள், ஆனால் இருக்கிற வேலையை விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்பதுதான் இதைப் பார்த்த பிறகு என் ஆலோசனை.

வெளிநாட்டு வீரர்களுக்கென 2017இல் என்.எஃப்.எல். ஒரு வழியைத் திறந்தது. அவுஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிய ஜோர்டன் மைலாட்டா, அமெரிக்க உதைபந்தாட்டம் ஒன்றுமே ஆடாமல் அந்த வழியாகப் போய், 2018இல் ஏழாவது சுற்றில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்குத் தெரிவாகி, 2025இல் சூப்பர் போல் வென்றார். அவர் லைன்பேக்கர் அல்ல, முன்வரிசைக்காரர். உடம்பும் அதற்கேற்ற மிகப் பெரிய உடம்பு. லைன்பேக்கர்களே பெரும்பாலும் 100 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள். சில்லரின் எடை ஏறத்தாழ 107 கிலோ. கபடியில் ஆண்களுக்கான சர்வதேச எடை எல்லை 85 கிலோ. நம் பிள்ளைகளில் பெரும்பாலானோரின் உடம்பு எந்த ஆட்டத்துக்குப் பொருந்தும் என்பதற்கு இந்த இரண்டு எண்களும் போதும்.

ஆகவே கண்ணை அகமதாபாத், சென்னைப் பக்கம் திருப்புங்கள். இந்தியாவின் புரோ கபடி லீக் 2014இல் தொடங்கியபோது மிக அதிக விலை போன ராகேஷ் குமாருக்குக் கிடைத்தது 12.8 இலட்சம் இந்திய ரூபாய். 2023இல் ஈரான் நாட்டுத் தடுப்பாட்டக்காரர் முகமதுரேசா ஷாட்லூயியைப் புனே அணி 2.35 கோடிக்கு எடுத்தது. பாடிச் சென்று புள்ளி எடுப்பவருக்குத்தான் மதிப்பு என்று இருந்த ஆட்டத்தில், மூலையில் நின்று பிடிக்கிற ஒரு வெளிநாட்டுக்காரருக்கு அந்த விலை. அவருக்கு முன்னால் பாதை வெட்டியவர் இன்னொரு ஈரானியர், ஃபசல் அத்ராச்சலி; அந்த லீக்கில் 500 பிடிப் புள்ளிகளை முதலில் கடந்தவர். இலங்கையரும் போயிருக்கிறார்கள்: 2021 பருவத்தில் சென்னையின் தமிழ் தலைவாஸ் அணியில் அன்வர் சஹீட் பாபா இருந்தார். ஈரானியர் மொழி தெரியாமல் போய் ஆடினார்கள். மட்டக்களப்புப் பிள்ளைக்குச் சென்னை அணியின் பேச்சும் சாப்பாடும் அந்நியம் அல்ல.

நீண்ட காலம் ஆட ஆசைப்படுபவர் தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதனைப் படிக்க வேண்டும். 1975இல் பிறந்தவர். 2016இல் இந்தியா உலகக் கிண்ணத்தை வென்றபோது அணியில் இருந்தார். 40 வயதைத் தாண்டியும் மூலையில் நின்று பிடித்தார். பாய்ச்சல் குறையும் வயதில் நிற்கும் இடத்தையும் பிடிக்கும் நேரத்தையும் மாற்றிக்கொண்டதுதான் அவரைக் காப்பாற்றியது என்று அவர் ஆட்டத்தைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022இல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்த பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயப்பட்டு அந்தப் பருவம் முழுவதும் வெளியில் இருந்தார். அவருக்கு அடுத்த ஏலமும் பெரும் விலையும் காத்திருந்தன. கழக மட்டத்தில் ஆடுகிற பிள்ளைக்கு அப்படி எதுவும் காத்திருக்காது.

அதனால்தான் உள்ளூர் வேலை முக்கியம். இலங்கையில் கபடி, ரக்பி போன்ற ஆட்டங்களில் சம்பளத்தோடு ஆட இடம் கொடுப்பவை பெரும்பாலும் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகள். நம் பகுதியில் பல குடும்பங்கள் இந்த வழியைப் பற்றி யோசிக்கவே தயங்கும். நாம் கடந்து வந்த காலம் அப்படி. அந்தத் தயக்கத்தை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. மற்ற வழி, நிறுவன அணிகள். யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் செலான் வங்கி அணிக்கு வலைப்பந்து ஆடினார். அவுஸ்திரேலியக் கழகங்களுக்கும் ஆடினார். 2018இலும் 2022இலும் இலங்கை ஆசியக் கிண்ணம் வென்றபோது அணியின் தூணாக நின்றார். உயரம் அவருக்குக் கதவைத் திறந்தது உண்மை. கதவு திறந்த பிறகு அத்தனை ஆண்டுகள் உள்ளே நின்றது அவர் உழைப்பு. தங்கச்சிமார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிறுவன அணி ஒன்று கூப்பிட்டால் முதலில் கேட்க வேண்டியது ஆட்டத்தைப் பற்றியே அல்ல. நான் நிரந்தர ஊழியரா, ஒப்பந்தக்காரரா? ஊழியர் சேமலாப நிதிக்கு என் பங்கு 8 வீதமும் உங்கள் பங்கு 12 வீதமும் போகுமா? ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்டுவீர்களா? காயத்தால் ஒரு வருடம் ஆட முடியாமல் போனால் அலுவலக வேலை தருவீர்களா? சத்திரசிகிச்சைச் செலவு யாருடையது? இந்தக் கேள்விகளைக் கேட்கிற பிள்ளையை மரியாதை இல்லாதவன் என்று நினைக்கிற இடம் உங்களுக்கு வேண்டாம். பதில்களை எழுத்தில் வாங்குங்கள். கடிதம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், வாசிக்கத் தெரிந்த ஆசிரியரிடமோ சட்டத்தரணியிடமோ காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

விளையாட்டையும் தொழிலையும் சேர்த்தே யோசித்தவர்கள் மட்டக்களப்பில் முன்பே இருந்தார்கள். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் லூசியானாப் பக்கமிருந்து இயேசு சபைக் குருக்கள் இங்கே வந்தார்கள். நகரின் வெபர் மைதானம் அவர்களில் ஒருவரான ஹரோல்ட் ஜோன் வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கியது. 1948இல் வந்த யூஜின் ஹெபர்ட் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். அமெரிக்க உதைபந்தாட்டத்தில் ஊறிய மாநிலத்துக்காரர்கள் இங்கே அதைத் திணிக்கவில்லை. ஒரு வளையமும் ஒரு பந்தும் போதுமான ஆட்டத்தைக் கொடுத்தார்கள். அதே ஹெபர்ட் அடிகளார் பின்னாளில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தை நடத்தி இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்பித்தார். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்த தமிழ் இளைஞனோடு காணாமற் போனார். இன்றுவரை அவர்கள் திரும்பவில்லை. பந்தையும் பட்டறையையும் ஒரே மனிதர் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். நம் கழகங்கள் மறந்துவிட்ட பாதி, அந்தப் பட்டறைதான்.

இன்று அந்தப் பாதிக்கு வழிகள் இருக்கின்றன. மின்னிணைப்பு, வெல்டிங், குளிரூட்டி திருத்தம் போன்றவற்றில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். விளையாட்டிலேயே இருக்க விரும்பினால் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டப்படிப்பு இருக்கிறது. கொழும்பில் தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவனம் பயிற்றுநர் கற்கைகளை நடத்துகிறது. ஆசிரியராக வர நினைப்பவருக்குத் தாழங்குடாவில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. எந்த ஆண்டு எந்தப் பாடநெறிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதை வர்த்தமானியில் பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உயர்தரப் பெறுபேறோ சாதாரண தரப் பெறுபேறோ வேண்டும். மாகாணப் போட்டி இருக்கிறது என்று பரீட்சையை விடுகிற பிள்ளை, இந்த வாசல்களைத் தன் கையாலேயே மூடுகிறது.

இனி உடம்பு. முழங்காலும் தோளும் வலிக்கும்போது சொல்லும். தலை சொல்லாது. ஜூனியர் சியாவ் என்ற லைன்பேக்கர் 1990 முதல் 2009 வரை 20 பருவங்கள் ஆடினார். சமோவா வழிவந்த குடும்பத்துப் பிள்ளை, எல்லாரும் விரும்பிய வீரர். 2012இல் 43 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மூளையைச் சோதித்தபோது, திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுபவர்களிடம் காணப்படும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு இருந்தது தெரியவந்தது. கபடியில் முழங்கால் நெற்றியில் மோதும். ரக்பியில் தோள் தாடையில் மோதும். அடிபட்ட பிள்ளைக்குத் தலைசுற்றல், குழப்பம், மங்கிய பார்வை, அடிபட்டதே நினைவில்லாமை என ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளை மறுபடி இறங்கவே கூடாது. வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் தாமதிக்காமல் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். "தண்ணி தெளிச்சா சரியாகிடும், இறங்கு மகன்" என்கிற பயிற்றுநரிடம் உங்கள் பிள்ளையை விடாதீர்கள்.

எடை பார்க்கும் நாளுக்கு முன் பட்டினி கிடப்பதும் தண்ணீர் குடிக்காமல் விடுவதும் நம் கழகங்களில் சாதாரணமாகிவிட்டது. மட்டக்களப்பு வெயிலில் இது உயிரோடு விளையாடுவது. எடையை வாரக்கணக்கில் மெதுவாகக் குறைக்க வேண்டும். முடியாவிட்டால் அந்தப் போட்டியை விட்டுவிட வேண்டும். பெயர் தெரியாத புரதத் தூள், 'உடம்பு ஏற்றுகிற' ஊசி, ஜிம்மில் தெரிந்தவர் தரும் மாத்திரை எதையும் தொடாதீர்கள். தடை செய்யப்பட்ட மருந்துகளின் உலகப் பட்டியல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று புதிதாக நடைமுறைக்கு வருகிறது. தெரியாமல் எடுத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. என்ன உட்கொண்டாலும் பொறுப்பு ஆட்டக்காரருடையது.

இன்னொரு சிறிய வேலை, செலவில்லாதது. ஆடும் ஒவ்வொரு போட்டியையும் கைபேசியில் ஒருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். திகதி, எதிரணி, எத்தனை தடவை பிடிக்கப் போனீர்கள், எத்தனை வெற்றி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். சான்றிதழ்களை ஒரே கோப்பில் வையுங்கள். தெரிவாளர் கேட்கும்போது "நல்லா ஆடுவன் சேர்" என்பதைவிட அந்தக் கொப்பி அதிகம் பேசும். பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரை நேரில் சந்தித்து, அடுத்த தெரிவுப் போட்டி எப்போது, எந்த வயதுப் பிரிவு என்று கேட்டு வாருங்கள். செய்தி கழகத் தலைவர் வழியாக வரும் என்று காத்திருந்தால் பல நேரம் திகதி முடிந்த பிறகுதான் வரும்.

கடைசியாகக் கழகக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுப்போட்டிக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் காயக் காப்புறுதிக்கு ஒதுக்குங்கள். முதலுதவி தெரிந்த ஒருவர் கோட்டருகே இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். அணியில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இந்த வருடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டு, பதிலை எழுதி வையுங்கள். பதில் இல்லாத பிள்ளையை அடுத்த பயிற்சிக்கு முன்னால் ஒரு பயிற்சி நிலையத்துக்கோ இரவு வகுப்புக்கோ நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.