எளிமையைக் கண்ணால் படிக்க ஒரு புத்தகம்

கேள்வி: கட்டடக்கலையில் ‘மினிமலிசம்’ என்கிறார்களே, அதைப் புரிந்துகொள்ளப் படங்கள் நிறைந்த ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்களேன்.

பதில்: தயங்காமல் ஜான் பாஸனின் ‘மினிமம்’ நூலைச் சொல்வேன். ஃபைடான் பதிப்பகம் 1996-இல் வெளியிட்டது. பாஸன் ஆங்கிலேயக் கட்டட வடிவமைப்பாளர். இளமையில் ஜப்பானில் சில ஆண்டுகள் வாழ்ந்து, ஜப்பானிய வடிவமைப்பாளர் ஷிரோ குராமாதாவின் படைப்புகளால் ஈர்க்கப்பட்டவர்.

நூலில் எழுத்து குறைவு. படங்களே பாடம் நடத்துகின்றன. ஒளி, ஒழுங்கு, சடங்கு போன்ற தலைப்புகளில், பல காலங்களையும் பண்பாடுகளையும் சேர்ந்த படங்களை அருகருகே வைக்கிறார். இதற்குமேல் எதை எடுத்தாலும் குறைந்துவிடும் என்ற நிலைவரை ஒன்றைச் செதுக்குவதே அவர் சொல்லும் எளிமை.

இது பணக்காரக் கடைகளுக்கான பாணி மட்டும்தானே என்று சிலர் கேட்பார்கள். நியூயார்க்கில் கால்வின் க்ளைன் ஆடை நிறுவனத்தின் கடையை வடிவமைத்தவர் பாஸன்தான். ஆனால் அந்தக் கடையின் படங்களைப் பார்த்த சிஸ்டர்சியன் எனும் கத்தோலிக்கப் பிரிவின் துறவிகளே செக் நாட்டின் நோவி ட்வூரில் தங்களுக்கு மடாலயம் கட்ட அவரை அழைத்தார்கள். ஆடம்பரத்தைத் துறந்தவர்களுக்கும் அந்தப் பாணி பொருந்தியது.

நூலை வேகமாகப் புரட்டாதீர்கள். ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, சுவரும் தரையும் எப்படிச் சேர்கின்றன, அன்றாடப் பொருள்கள் எங்கே மறைந்திருக்கின்றன என்று பாருங்கள். அலங்காரம் இல்லாத சுவரில் சிறு பிசகும் பளிச்சென்று தெரியும். ஆகவே எளிமைக்குத்தான் கொத்தனாரின், தச்சரின் கைத்திறன் அதிகம் வேண்டும். வீடு கட்டப்போகிறவர்கள் வரைபடம் போடுமுன் இந்த நூலைப் பார்த்துவிடுவது நல்லது.