அலமாரிக் கதவில் ஒரு கணக்கு வகுப்பு

மழைக்காலம் வந்தால் வீட்டு மரக்கதவுகள் இறுக்கிக்கொள்கின்றன. சித்திரை, வைகாசியில் அதே கதவுகள் தளர்ந்து இடைவெளி காட்டுகின்றன. நம் மாணவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். காரணம் கேட்டால், "தண்ணி குடிச்சு ஊதிடுது சார்" என்பார்கள். பதில் சரிதான். ஆனால் எந்தப் பக்கமாக ஊதுகிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்தக் கேள்வியிலிருந்து எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் நான் நடத்திவரும் ஒரு பாடத்தை இங்கே பகிர்கிறேன்.

பொம்மிடியில் என் வீட்டின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. விடுமுறை நாள்களில் அங்கே மரவேலை செய்வது என் பழக்கம். எங்கள் சமையல் மேடைக்குக் கீழே, இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் இருப்பதுபோல, கடப்பா கல் தட்டுகள்தான். அவற்றுக்கு முன்னால் மரச்சட்டம் அடித்துக் கதவுகள் செய்து மாட்டினேன். வேலை செய்யச் செய்ய, பாடப்புத்தகத்தில் இருப்பவை ஒவ்வொன்றாக மேசைமேல் வந்து நின்றன.

முதலில் அறிவியல். மரம் நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. நாரின் குறுக்கேதான் விரிந்து சுருங்குகிறது. பச்சை மரம் முற்றிலும் உலரும்போது நீளத்தில் ஏற்படும் சுருக்கம் பொதுவாக 0.1 முதல் 0.2 சதவீதம்தான். தேக்கில் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அது ஏறக்குறைய 5.8 சதவீதம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 சதவீதம். நீர் மூலக்கூறுகள் செல்சுவரின் செல்லுலோஸ் இழைகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்குகின்றன. இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாட்டில் அமைந்திருப்பதால் விலகல் பக்கவாட்டில் நிகழ்கிறது.

இதை வகுப்பறையில் காட்டச் செலவே இல்லை. மர வாடியில் கழிவுத் துண்டுகள் கிடைக்கும். ஒரே பலகையிலிருந்து, ஐந்து மில்லிமீட்டர் தடிமனில், நார் ஓடும் திசையில் ஒரு பட்டையும் குறுக்கே ஒரு பட்டையும் 150 மி.மீ. நீளத்துக்கு வெட்டி வாங்குங்கள். அளந்து எழுதி, இரவு முழுவதும் நீரில் போட்டுவிட்டு, மறுநாள் அளக்கச் சொல்லுங்கள். குறுக்கே வெட்டியது சில மில்லிமீட்டர் வளர்ந்திருக்கும். மற்றதில் அளவுகோலுக்கு எட்டும் மாற்றம் இருக்காது. கூடவே ஒரு ப்ளைவுட் பட்டையையும் போடுங்கள். அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால், ஓர் அடுக்கு விரிய முயன்றால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். அந்தப் பட்டை தடிமனில் பருத்தாலும் நீளத்தில் அசையாது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிப்பது இந்த மூன்றாவது பட்டைதான்.

தச்சர்கள் இதற்குக் கண்ட வழிதான் சட்டக் கதவு. நான்கு சட்டங்களைச் சேர்த்துச் சட்டகம் செய்து, உட்புற விளிம்பில் காடி எடுத்து, அந்தக் காடிக்குள் நடுப்பலகையைச் செருகுகிறார்கள். மூலைகளில் பசை உண்டு. பலகைக்குப் பசை கிடையாது. பலகை காடிக்குள் விரியலாம், சுருங்கலாம். கதவின் அளவு மாறாது. பசை போட்டு இறுக்கினால், ஒரு கோடையில் பலகை நடுவே பிளக்கும், அல்லது ஒரு மழையில் மூலைப் பொருத்து திறந்துகொள்ளும்.

இனி கணக்கு. நான் வகுப்புக்குக் கொடுக்கும் கணக்கு என் வீட்டு அளவுதான். திறப்பு 600 மி.மீ. அகலம், 720 மி.மீ. உயரம். அதற்குள் அடங்கும் இரண்டு கதவுகள் வேண்டும். இரு ஓரங்களிலும் நடுவிலும் 2 மி.மீ. இடைவெளி, மேலும் கீழும் 2 மி.மீ. வீதம். எனில் ஒரு கதவின் அகலம் (600 − 6) ÷ 2 = 297. உயரம் 716. இதுவரை எல்லோரும் வந்துவிடுவார்கள். இரண்டாகப் பிரித்தால் இடைவெளி மூன்று என்பதில் மட்டும் சிலர் தடுமாறுவார்கள்.

சட்டத்தின் அகலம் 60 மி.மீ. அப்படியானால் குறுக்குச் சட்டத்தை எவ்வளவு நீளத்துக்கு அறுக்க வேண்டும்? 297 − 120 = 177 என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். ஒருமுறை, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் மட்டும் "பத்தாது சார்" என்றான். பின்னத்தைக் கரும்பலகையில் கண்டாலே ஒதுங்குபவன், அப்பா தச்சர். ஏன் என்றதற்கு, "கழுந்து எங்க இருந்து வரும்?" என்று கேட்டான். ஒவ்வொரு முனையிலும் 40 மி.மீ. கழுந்து நிற்கும் சட்டத்தின் துளைக்குள் போக வேண்டும். 177 + 80 = 257. கதவு முடிந்தபின் கண்ணுக்குத் தெரிவது 177தான். அறுக்க வேண்டியது 257.

நடுப்பலகையும் அப்படியே. காடியின் ஆழம் பக்கத்துக்கு 10 மி.மீ. என்றால் 197 வரை இடம் இருக்கிறது. ஆனால் பக்கத்துக்கு 2 மி.மீ. விட்டு 193 என்று அறுக்கிறோம். இந்த 2 போதுமா? தேக்கின் ஈரம் 1 சதவீதம் கூடினால் குறுக்கே ஏறக்குறைய 0.19 சதவீதம் விரியும் என்று கொள்ளலாம். கோடைக்கும் மழைக்கும் இடையே ஈரம் 5 சதவீதம் மாறினால், 193 × 0.0095, அதாவது 1.8 மி.மீ. விட்டிருப்பது மொத்தம் 4. போதும். சதவீதக் கணக்கில் வட்டியும் தள்ளுபடியும் மட்டுமே பார்த்த பிள்ளைகளுக்கு இது புதிது.

அந்த மாணவனிடம் இன்னொரு சரக்கும் இருந்தது. பட்டறையில் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். முக்கால் அங்குலம் ஆறு நூல். ஒன்றே கால் பத்து நூல். 3/4 + 5/8 என்று எழுதியபோது பேசாதிருந்தவன், "ஆறு நூலும் அஞ்சு நூலும்" என்றதும் பதினொன்று என்றான். பகுதியை ஒன்றாக்குவது என்று நாம் விளக்கிக்கொண்டிருப்பதை அவன் மொழி ஏற்கெனவே செய்துவிட்டிருந்தது. 11/8 என்று எழுதுவதற்குப் பிறகும் இரண்டு வாரம் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். தெரிந்திருப்பது வேறு, எழுதத் தெரிவது வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தப் பாடத்தைக் கேள்விப்பட்ட பெரியவர் ஒருவர், "படிப்பு வராட்டியும் பையன் பொழச்சுக்குவான்" என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்கு உவப்பாக இல்லை. 1953இல் ராஜாஜி ஆட்சியில் வந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பிள்ளைகள் கற்கலாம் என்றது. குலக்கல்வி என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அந்த வரலாறு தெரிந்த நாம், தச்சர் மகனிடம் மட்டும் உளியை நீட்டக் கூடாது. என் வகுப்பில் 257ஐ எல்லோரும் கணக்கிட வேண்டும். அவனும் பிதாகரஸ் தேற்றத்தை எழுத வேண்டும். அறுக்கும், இழைக்கும் வேலையை மாணவர்களிடம் நான் தருவதில்லை. மின் ரம்பத்தின் ஆபத்து தெரிந்ததே. மரத்தூளும் நுரையீரலுக்கு நல்லதல்ல. அறுத்த துண்டுகளைக் கொண்டுவந்து அளக்கவும் பொருத்தவும் விடுகிறேன்.

பொருத்திய கதவு சதுரித்திருக்கிறதா என்று பார்க்கத் தச்சர்கள் இரு மூலைவிட்டங்களையும் அளக்கிறார்கள். சமமாக இருந்தால் சரி. எட்டாம் வகுப்பினர் அந்த நீளத்தைப் பிதாகரஸ் தேற்றத்தால் முன்கூட்டியே கணக்கிடலாம்: 297, 716க்கு ஏறக்குறைய 775 மி.மீ. வரும். டேப்பை வைத்துப் பார்த்து அதே எண் வரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பினருக்கு வேறு வேலை. மூலைவிட்டங்கள் சமம் என்றாலே செவ்வகம் ஆகிவிடுமா என்று கேட்டுவிட்டு நான்கு ஈர்க்குச்சிகளைக் கொடுத்துவிடுவேன். இருசமபக்கச் சரிவகத்தைக் கண்டுபிடிக்கச் சென்ற ஆண்டு ஒரு பாடவேளை முழுவதும் ஆனது. எதிர்ப் பக்கங்கள் சமமா என்று தச்சர் முதலிலேயே பார்த்துவிடுவதால் அவருக்கு அந்தச் சிக்கல் இல்லை என்று சொன்னவள், வீட்டில் மரவேலையே பார்த்திராத ஒரு மாணவி.