நெடுவழிப் பயணத்துக்கு மின்சைக்கிளை அமைத்தல்

வடமராட்சியிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்குச் சைக்கிளிற் சென்று பழகிய எவருக்கும் வல்லைவெளியை அறிமுகஞ் செய்யவேண்டுவதில்லை. வைகாசி முதற் புரட்டாதி வரை வீசுஞ் சோழகக் காற்று தென்மேற்கிலிருந்து வருவது. நெல்லியடியிற் புறப்பட்டுப் பட்டினம் நோக்கிச் செல்லும் வழியும் பெரும்பாலுந் தென்மேற்குத் திசையினதே. ஆதலால், வீடும் வேலியும் மறைக்காத அவ்வெளியிலே பயணி காற்றை நேர்முகமாக மார்பில் ஏற்கின்றார். மேடென்பதே இல்லாத எம் குடாநாட்டிற் சைக்கிளோட்டிக்கு மலை எதுவெனின், அக்காற்றே மலை என்க.

அண்மைக் காலத்திலே மின்மோட்டார் பூட்டிய சைக்கிள் எம்மிடையே வந்துள்ளது. அதனை ஊருக்குட் சந்தைக்கும் பள்ளிக்கும் ஓட்டுவது ஒன்று. நெல்லியடியிலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து வவுனியாவுக்கும் உடல் நோகாது ஓட்டிச் செல்வது வேறொன்று. இரண்டாவதற்கு வண்டியைத் திருத்தி அமைத்தல் வேண்டும். அவ்வமைப்பின் முறையையும் அதற்கு அடிப்படையான கணக்கையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மோட்டார் வேகத்தை வாங்குவதற்கன்று, எதிர்ப்பைக் குறைப்பதற்கே என்னும் ஒரு கொள்கையை வாசகர் மனத்திற் கொள்வாராயின் ஏனைய யாவும் அதனின்று தாமே விளங்கும்.

சில வரலாற்றுக் குறிப்புகள்

மின்சைக்கிள் புதுமை போலத் தோன்றினும் உண்மையிற் பழையது. அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த ஒக்டன் போல்ற்றன் என்பவர், பின்சில்லின் குடத்துள் மோட்டாரை அமைத்த சைக்கிளுக்கு 1895ஆம் ஆண்டு மார்கழி 31ஆந் தேதி ஆக்கவுரிமை பெற்றார். அக்காலத்து மின்கலங்கள் மிகுந்த பாரமுடையனவாதலின் அவ்வெண்ணம் பரவவில்லை. 1991இல் இலிதியம் அயன் கலங்கள் விற்பனைக்கு வந்தன. 1993இல் யப்பானிய யமகா நிறுவனம், மிதிப்பவரின் விசைக்கேற்ப மோட்டாருந் துணைசெய்யும் சைக்கிளை வெளியிட்டது. இலிதியங் கலத்தை ஆக்கிய அறிஞர் மூவருக்கு 2019இல் இரசாயனவியலுக்கான நோபற் பரிசு வழங்கப்பட்டது.

கிடைத்த பொருளைக்கொண்டு வண்டியைத் தம் தேவைக்கேற்ப மாற்றுதல் எம்மவர்க்குப் புதிதன்று. 1990களில் எரிபொருட்டடை நிலவிய ஆண்டுகளில், மோட்டார்ச் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். விறகையும் நெல்லையும் நோயாளியையுங்கூடச் சைக்கிளிலேயே சுமந்தனர். 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்திற் பரணிற் கிடந்த பழைய சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. மின்சைக்கிளை அமைப்பதும் அவ்வழி வந்த கைத்திறனே. எனினும் இதிற் பிழைக்கு இடங்கொடுத்தல் தகாது; அதன் காரணம் பின்னர்க் கூறப்படும்.

முதலில் உடல், பின்னரே மோட்டார்

பலர் மோட்டாரை முதலில் வாங்கி, இருக்கையை இறுதியில் நினைக்கின்றனர். இது முறை பிறழ்ந்தது. நெடும்பயணத்தில் உடலுக்கும் வண்டிக்குந் தொடர்பு கை, இருக்கை, பாதம் என மூவிடத்தேதான் உண்டு. நான்கு மணி நேரம் அமர்ந்திருப்பவர்க்கு இம்மூன்றுஞ் செம்மையாக அமையாவிடின் எத்துணை வலுவுள்ள மோட்டாரும் இன்பந் தராது.

இருக்கையின் உயரத்தை அறிய எளிய வழி ஒன்றுண்டு. மிதி அடியில் நிற்கும்போது குதிக்காலை அதன்மேல் வைத்தாற் கால் நேராக நிமிரவேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் அப்பொழுது சற்றே மடிந்து நிற்கும். இருக்கை தாழ்ந்திருப்பின் முழங்கால் நோவும். உயர்ந்திருப்பின் இடுப்பு இருபக்கமும் ஆடும். நிமிர்ந்து அமர்வோர்க்கு அகன்ற, வில்லுப் பூட்டிய இருக்கை ஏற்றது. மிக மெத்தென்ற இருக்கை கடையில் இன்பமாகவும் ஐம்பதாங் கிலோமீற்றரில் துன்பமாகவும் இருக்கும்.

ஹாண்டிலின் பிடி இருக்கையினும் சிறிது உயர்ந்து, பின்னோக்கி வளைந்திருத்தல் நன்று. எம் பாட்டன்மார் ஓட்டிய ரலி, ஹம்பர் வண்டிகளின் அமைப்பு இதுவேயாகும். மணிக்கட்டிலும் தோளிலும் பாரம் ஏறாது பகல் முழுவதும் ஓட அவை உதவின. ரயரும் உடற்சுகத்தின் ஒரு பகுதியே. ஒன்றரை அங்குல ரயரினும் இரண்டங்குல ரயரிற் சதுர அங்குலத்துக்கு 40 முதல் 50 இறாத்தல் வரை காற்றடைத்து ஓட்டினாற் சிறு குழிகளின் அதிர்வை அதுவே விழுங்கிவிடும்.

பாரத்தை வைக்கும் இடம்

மின்கலவடுக்கைப் பின்கரியரின்மேல் வைப்பது எளிது, ஆயின் நன்றன்று. உயரத்தே பின்புறம் ஏறிய பாரம் வண்டியை வாலாட்டச் செய்யும். சட்டத்தின் நடு முக்கோணத்துள், இயன்றவரை தாழ்வாக அதனைப் பொருத்துதல் வேண்டும். பயணப் பொதிகளைக் கரியரின் இருபுறமும் சமமாகத் தொங்கவிட்டுக் கனமானவற்றை அடியில் வைக்க.

மோட்டார் பின்சில்லின் குடத்தில் இருப்பது தொடக்கத்தார்க்குப் பாதுகாப்பானது. எங்கிருப்பினும் அதன் அச்சு தான் பொருந்திய பிளவை நெம்பித் திறக்க முயலும். ஆதலின் முறுக்கைத் தாங்கும் உருக்குத் தகடு ஒன்றை அச்சிலும் சட்டத்திலும் பிணைத்தல் இன்றியமையாதது. மோட்டார்ச் சில்லின் கம்பிகள் சாதாரணக் கம்பியினும் தடித்தனவாயிருக்க வேண்டும். பழைய தண்டுப் பிறேக் இப்பாரத்துக்குப் போதாது. தட்டுப் பிறேக்கையேனும், சில்லின் விளிம்பை இறுகப் பற்றும் நல்ல பிறேக்கையேனும் இரு சில்லுகளுக்கும் பூட்டுக. பிறேக்கைப் பிடித்தவுடன் மோட்டார் நிற்கும் ஆளியையும் அதனோடு இணைக்க.

மின்சாரம் தீர்ந்த வேளையிலும் மிதித்து வீடு சேரும் வகை வண்டியில் இருத்தல் வேண்டும். முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் உள்ள பெரிய சில்லு வண்டி, மிதி ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 5.4 மீற்றர் செல்லும். பின்னே 22 பற்சில்லைப் பூட்டினால் 4.4 மீற்றரே செல்லும். மிதிப்பதும் அந்த அளவுக்கு இலேசாகும். பாரமேற்றிய வண்டிக்கு இம்மாற்றம் பெருந்துணை.

காற்றின் கணக்கு

இனிக் கட்டுரையின் உயிர்நாடியாகிய கணக்குக்கு வருவோம். மாணவர் பென்சிலுங் கடதாசியும் எடுத்துக்கொள்வாராக.

வண்டி, ஓட்டுபவர், பொதி ஆகிய மூன்றும் சேர்ந்து 110 கிலோகிராம் எனவும், ஓட்டுபவர் நிமிர்ந்து அமர்ந்திருக்கின்றார் எனவுங் கொள்வோம். காற்றில்லாத சமநிலத்தில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திற் செல்ல ஏறத்தாழ 110 உவாற்று வலு வேண்டும். பேச்சில் நாம் வாற்ஸ் என்பதே நூல்வழக்கில் உவாற்று. அதே நிலத்தில் 30 கிலோமீற்றர் வேகத்துக்கு ஏறத்தாழ 270 உவாற்று வேண்டும். வேகம் ஒன்றரை மடங்காக, வலு இரண்டரை மடங்காகின்றது. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதே இதன் காரணம்.

இப்பொழுது மணிக்கு 18 கிலோமீற்றர் வேகமுள்ள எதிர்க்காற்று வீசுகின்றது எனக் கொள்க. சோழக காலத்தில் இது வியப்பன்று. அப்பொழுது 20 கிலோமீற்றர் வேகத்தைக் காக்க 260 உவாற்று வேண்டும். வேகத்தை 15ஆகக் குறைத்தால் 160 உவாற்றே போதும்.

இதனை ஒரு பயணத்திற் பொருத்திப் பார்ப்போம். நெல்லியடியிலிருந்து கொடிகாமம் சென்று, ஏ9 வீதியிற் பளை, ஆனையிறவு, பரந்தன் கடந்து கிளிநொச்சி சேர ஏறத்தாழ 60 கிலோமீற்றர். எம்மிடமுள்ள மின்கலவடுக்கு 48 உவோற்று, 13 அம்பியர்-மணி. இரண்டையும் பெருக்க 624 உவாற்று-மணி. அதனை முற்றாக வெறுமையாக்காது ஐந்தில் நான்கு பங்கைக் கொண்டால் 500 உவாற்று-மணி கையிருப்பு. ஓட்டுபவர் இடையறாது 70 உவாற்று மிதிக்கின்றார்; எஞ்சியதை மோட்டார் கொடுக்கின்றது; மோட்டார் வாங்கும் மின்சத்தியில் முக்காற் பங்கே சில்லைச் சேர்கின்றது என்க.

காற்றில்லாத வேளையில் 20 கிலோமீற்றர் வேகத்திற் சென்றால், மூன்று மணி நேரப் பயணத்துக்குச் செலவு 160 உவாற்று-மணி. கையிருப்பில் மூன்றில் ஒரு பங்குந் தீராது. வழிமுழுதும் எதிர்க்காற்று என்னும் கடும் நிலையை எடுத்துக்கொண்டு அதே வேகத்திற் சென்றாற் செலவு 760 உவாற்று-மணி. கையிருப்பு இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வண்டி பளையைக் கடந்து ஆனையிறவை எட்டுமுன், நிழலற்ற வெளியிலே நின்றுவிடும். அதே காற்றில் 15 கிலோமீற்றர் வேகத்திற் சென்றால் நான்கு மணி நேரத்துக்குச் செலவு 480 உவாற்று-மணி. கிளிநொச்சியைச் சேர்ந்துவிடலாம்.

ஒரு மணி நேரம் பொறுத்தவர் ஊர் சேர்கின்றார். பொறாதவர் வழியில் நிற்கின்றார். இவ்விருவரையும் வேறுபடுத்தியது மின்கலத்தின் விலையன்று, கணக்கறிவேயாம். காற்றுத் தணிந்திருக்கும் விடியற்புறம் புறப்படும் எம் முன்னோர் வழக்கத்தின் பயனும் இக்கணக்கால் விளங்கும்.

இதனால் மோட்டாரைத் தெரிவுசெய்யும் முறையும் புலனாகின்றது. நெடும்பயணத்துக்கு 250 உவாற்று மோட்டார் தாராளம். ஐரோப்பிய ஒன்றியம் மின்துணைச் சைக்கிளுக்கு விதித்த எல்லையும் 250 உவாற்றும் 25 கிலோமீற்றர் வேகமுமேயாகும். மிதி சுற்றுகின்றதா என்பதை மட்டும் அறியும் கருவியினும், மிதிக்கும் விசையை அளந்தறியுங் கருவி சிறந்தது. கால் கொடுக்குமளவுக்கே மோட்டாரும் கொடுப்பதால், மின்சாரம் வீணாகாது. இளைஞர் சிலர் வேகத் தடையை நீக்கி ஓட்ட விரும்புவர். சைக்கிளின் முள்ளும் பிறேக்கும் கம்பியும் அவ்வேகத்துக்கென வார்க்கப்பட்டவையல்ல என்பதை அவர்க்கு எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன். வீதியில் இறக்குமுன் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளைக் கேட்டறிதலும் வேண்டும்.

மின்கலவடுக்கைப் பேணல்

பிழைக்கு இடங்கொடுத்தல் தகாது என முன்னர்க் கூறியது இதனைக் கருதியே. இலிதியங் கலம் தீப்பற்றினால் அணைப்பது அரிது. நச்சுப் புகையையும் அது கக்கும். பழைய மடிக்கணினிகளிற் கழித்த கலங்களைத் திரட்டி ஒட்டிய அடுக்கை விலை மலிவென வாங்கற்க. ஒவ்வொரு கலத்தையும் காக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று இல்லாத அடுக்கையும் விலக்குக. அதற்குரிய மின்னேற்றியையன்றி வேறொன்றைப் பயன்படுத்தற்க. படுக்கையறையிலும் வாயில் வழியை மறித்தும் மின்னேற்றற்க. வெயிலில் ஓடி வந்த அடுக்கை நிழலில் ஆறவிட்டு, பின்னரே மின்னேற்றுக. 45 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் மின்னேற்றுதல் பொதுவாகத் தகாது. பல வாரம் ஓடாதிருப்பின் அரைப்பங்கு மின்னுடன் வைக்க.

இரண்டு அம்பியர் மின்னேற்றியால் மேற்கூறிய அடுக்கை வெறுமையிலிருந்து நிரப்ப ஆறரை மணி நேரத்துக்கு மேலாகும். ஆதலின் நெடும்பயணத்தில் இரவுத் தங்கலே மின்னேற்றும் வேளை. ஒருமுறை நிரப்பச் செல்லும் மின்சாரம் ஓரலகுக்குட்பட்டதே. தங்கும் வீட்டார்க்கு அது பெருஞ் சுமையன்று. எனினும் கேட்டுப் பெறுதலே பண்பு.

ஆனையிறவுக் கடனீரேரியின் உப்புக் காற்று செம்புக் கம்பியையும் இணைப்பூசியையும் அரிக்கும். இணைப்புகளைக் கீழ்நோக்கி அமைத்தால் மாரிமழை உட்புகாது. பயணம் முடிந்ததும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வண்டியைத் துடைக்க, நீரைப் பீய்ச்சியடிக்கற்க.

இலண்டனிலும் தொறன்றோவிலும் வாழும் பழைய மாணவர்க்கு ஒரு குறிப்பு. 160 உவாற்று-மணிக்கு மேற்பட்ட இலிதிய அடுக்கைப் பயணிகள் விமானத்திற் பொதியாகவோ கையிலோ கொண்டுவர அனுமதியில்லை. மின்சைக்கிளின் அடுக்கு அதனினும் பெரிது. ஆகவே இருக்கை, ஹாண்டில், பிறேக் முதலியவற்றைக் கொண்டுவருக. மின்கலவடுக்கை இங்கேயே நம்பிக்கையானவரிடம் பெறுக.

முடிவுரை

இளமையில் வல்லைவெளிக் காற்றை எதிர்த்துச் சென்ற கால்கள் பல இன்று தளர்ந்துள்ளன. முழங்கால் நோவால் சைக்கிளைக் கைவிட்ட முதியவருக்கு மின்துணை வீதியை மீளத் தருகின்றது. அவர் வேண்டுவது இளமையின் வேகமன்று. எதிர்க்காற்றில் ஒரு தோளின் துணையே. மோட்டாரை அத்தோளாக மட்டுங் கொண்டு, இருக்கையை முதலிலும் வேகத்தை இறுதியிலும் வைத்து வண்டியை அமைப்பவர், கிளிநொச்சியில் ஓரிரவு தங்கி, மறுநாள் ஏறத்தாழ 75 கிலோமீற்றர் அப்பாலுள்ள வவுனியாவையும் நோவின்றிச் சேர்வார். அவ்விரண்டாம் நாளுக்கான காற்றுக் கணக்கை, மேற்காட்டிய முறையிலே மாணவர் தாமே செய்து பார்ப்பாராக. அதே காற்று, அதே 15 கிலோமீற்றர் வேகம் எனக் கொள்ளின், கையிருப்பு போதுமா? போதாதெனின் எவ்வளவு மெல்லச் செல்லல் வேண்டும்? விடை கண்ட பின்னரே புறப்படுதல் நன்று.