30 ஆம்பியர் என்று போட்டிருந்தும் ஏன் புகைந்தது?

பத்தாம் வகுப்பில் ஓம் விதியை நடத்தி முடித்த வாரம் அது. எங்கள் அறிவியல் மன்ற மாணவர்கள் தெர்மாகோல் அட்டையில் ரேடியோ மூலம் இயங்கும் மாதிரி விமானம் ஒன்றைச் செய்திருந்தார்கள். மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரியில், அதாவது 11.1 வோல்ட்டில், நன்றாகவே பறந்துகொண்டிருந்தது. இன்னும் வேகம் வேண்டும் என்று நான்கு செல் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து, "இதைப் போடலாமா சார்?" என்று கேட்டார்கள்.

கரும்பலகையிலேயே கணக்குப் போட்டேன். மூன்று செல்லில் முழு வேகத்தில் 18 ஆம்பியர் ஓடுவதை வாட் மீட்டரில் முன்பே அளந்திருந்தோம். மின்னழுத்தம் 14.8 வோல்ட் ஆகும்போது 4/3 மடங்கு கூடுகிறது. மின்னோட்டமும் அதே மடங்கு கூடினால் 24 ஆம்பியர். வேகக் கட்டுப்படுத்தியின் மேல் '30 ஆம்பியர், 2 முதல் 4 செல்' என்று அச்சிட்டிருந்தது. தாராளமாகப் போடலாம் என்றேன். விமானத்தை மேசையில் கட்டிவைத்து முழு வேகம் கொடுத்தோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கட்டுப்படுத்தி புகைந்துவிட்டது. தரையில் நடந்ததே நல்லது. ரிசீவருக்கும் சர்வோ மோட்டார்களுக்கும் 5 வோல்ட் தருவதும் அதே கட்டுப்படுத்திதான். வானத்தில் கருகியிருந்தால் விமானம் யார் பேச்சையும் கேட்டிருக்காது.

தவறு என்னுடையது. மின்தடை மாறாத கம்பிக்குப் பொருந்தும் விதியை, விசிறி பூட்டிய மோட்டாருக்குப் போட்டுவிட்டேன். மோட்டார் சுழலும்போது தனக்குள் ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. அது எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதை விசிறியின் சுமைதான் தீர்மானிக்கிறது. மின்னழுத்தம் 4/3 மடங்கானால் சுழலும் வேகமும் ஏறத்தாழ 4/3 மடங்காகும். காற்றைத் தள்ள விசிறிக்குத் தேவையான திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 200 வாட் இருந்த இடத்தில் 470 வாட்டுக்கு மேல் வேண்டும். அதை 14.8 ஆல் வகுத்தால் சுமார் 32 ஆம்பியர். நடைமுறையில் இது சற்றுக் குறையலாம். ஆனாலும் காற்றோட்டம் இல்லாமல் மேசையில் கிடந்த கட்டுப்படுத்திக்கு அது அதிகம். மின்னோட்டம் 1.8 மடங்கு ஆகும்போது, ஜூல் விதிப்படி அதே மின்தடையில் வெப்பம் மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது என்பதையும் மாணவர்களே கணக்கிட்டுச் சொன்னார்கள்.

கட்டுப்படுத்தியில் உள்ள 30 என்பது அது தாங்கும் எல்லை. அது தரும் அளவு என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். 60 ஆம்பியர் கட்டுப்படுத்தியை மாட்டினாலும் அதே மோட்டார் அதே 18 ஆம்பியரைத்தான் இழுக்கும். எடை கூடும், அவ்வளவுதான். பேட்டரிக்கும் இதே போல் ஓர் எல்லை உண்டு. 2200 மில்லி ஆம்பியர் மணி, 25 சி என்றால் 2.2 × 25 = 55 ஆம்பியர் வரை தரலாம். 1000 மில்லி ஆம்பியர் மணி, 20 சி என்றால் 20 ஆம்பியர்தான். அதிலிருந்து 32 ஆம்பியரை இழுத்தால் பேட்டரி சூடேறி உப்பும். சி எண்ணைக் கொஞ்சம் கூட்டியே அச்சிடும் வழக்கமும் இருப்பதால், பாதியை நம்புவது என் பழக்கம்.

பிறகு புதிய கட்டுப்படுத்தி வாங்கினோம். நான்கு செல்லையே வைத்துக்கொண்டு, 10 அங்குல விசிறியை அதே சரிவுள்ள 9 அங்குலமாக மாற்றினோம். ஒரே வேகத்தில் சுழலும் விசிறிக்கு வேண்டிய திறன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 0.9ஐ நான்கு முறை பெருக்கினால் 0.66. ஆகவே 32 ஆம்பியர் 21 ஆக இறங்கவேண்டும். இந்தமுறை கணக்கை மட்டும் நம்பவில்லை. பாதி வேகத்தில் தொடங்கி, வாட் மீட்டரைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஏற்றினோம். முழு வேகத்தில் 20க்குச் சற்று மேல் நின்றது.

உங்கள் பள்ளியில் செய்து பார்ப்பதானால், சாதாரண மல்டிமீட்டரை இந்தச் சுற்றில் இணைக்க வேண்டாம். பெரும்பாலானவை 10 ஆம்பியருக்கு மேல் தாங்காது. விசிறிக்கு முன்னாலும் அது சுழலும் தளத்திலும் யாரும் நிற்கக் கூடாது. பேட்டரியை அதற்குரிய சார்ஜரில், ஆசிரியர் அருகில் இருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தவே வேண்டாம்.