ஆட்டத்தை விளக்காத தகவல் எதற்கு?

முலுண்ட் மேற்கு,
மும்பை

அன்புள்ள செம்பூர் வாசகருக்கு,

உங்கள் கடிதமும் அதோடு வைத்திருந்த கட்டுரைப் பிரதியும் கிடைத்தன. பேஸ்பால் வீரர் ரிங்கு சிங்கின் வாழ்க்கைக் குறிப்பை இணையக் கலைக்களஞ்சியத்துக்காகத் தமிழில் எழுதத் தொடங்கி, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று புரியாமல் பாதியில் நிறுத்தியிருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நிறுத்தியது நல்லதுதான். இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமலே எழுதி முடித்துவிடுவதால்தான் நம் விளையாட்டு வீரர்களைப் பற்றிய பக்கங்கள் பாதி புகழுரையும் பாதி வதந்தியுமாகக் கிடக்கின்றன.

என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் இருக்கிறது. ஒரு தகவல் அந்த மனிதரின் ஆட்டத்தைப் புரியவைக்கிறதா? புரியவைத்தால் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதற்கு இடம் கொடுங்கள். இல்லையென்றால் எவ்வளவு சுவையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். உங்கள் கட்டுரையையே வைத்துச் சொல்கிறேன்.

உத்தரப் பிரதேசத்தில் லாரி ஓட்டுநர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர், பெரிய குடும்பம், சின்ன வீடு என்று வறுமைக்கே மூன்று பத்திகள் எழுதியிருக்கிறீர்கள். அவர் ஈட்டி எறிபவராக இருந்தார் என்பதற்கு ஒரே வரி. இதைத் தலைகீழாக மாற்றுங்கள். பேஸ்பால் உறையைக் கையில் மாட்டியே பழக்கமில்லாத ஓர் இளைஞர், 2008இல் பேஸ்பால் எறியும் 'மில்லியன் டாலர் ஆர்ம்' போட்டியில் பல்லாயிரம் பேரை முந்தி முதல் பரிசு வாங்கியது எப்படி என்பதுதான் படிப்பவருக்கு எழும் முதல் கேள்வி. பதில் ஈட்டியில் இருக்கிறது. நம் கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கையை மடக்கி நீட்டக் கூடாது. பேஸ்பாலில் பிட்ச்சர் மடக்கித்தான் எறிகிறார். இடுப்பு முதலில் திரும்பி, தோள் பின்னால் தங்கி, கை கடைசியில் சாட்டை போல வருகிற அந்த அசைவு ஈட்டி எறிகிறவருக்குப் பழகிய ஒன்று. அதனால்தான் அவருடைய இடது கையிலிருந்து மணிக்கு 87 மைல், அதாவது ஏறக்குறைய 140 கிலோமீட்டர் வேகத்தில் பந்து போனது. இரண்டாவதாக வந்த தினேஷ் படேலும் ஈட்டிக்காரர்தான். இதை எழுதினால் கிரிக்கெட் மட்டுமே தெரிந்த தாராவிப் பையனுக்கும் விஷயம் விளங்கிவிடும்.

அடுத்து, விகிதம். 2014இல் வந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' படம், அதற்கு ஏ.ஆர்.ரஹ்மானின் இசை, பிறகு மல்யுத்த மேடையில் 'வீர் மஹான்' என்ற பெயர் என்று இவற்றுக்கே உங்கள் கட்டுரையில் பாதி போய்விட்டது. ரஹ்மான் பெயரைப் பார்த்தால் தமிழ் வாசகருக்கு ஆவல் எழும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தப் படத்தின் கதாநாயகன் இரண்டு இளைஞர்களையும் கண்டுபிடித்த அமெரிக்க முகவர். வீரரின் வாழ்க்கைக் குறிப்பில் படத்துக்கு இரண்டு வரி போதும். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது, 2009 ஜூலையில் கீழ்நிலை லீக் ஒன்றில் ரிங்கு தன் முதல் வெற்றியைப் பதிவு செய்தது, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் இந்தியர் வென்ற முதல் ஆட்டம் அது என்பது, பிறகு காயங்களால் அவர் பல பருவங்களை இழந்தது, இவைதான் கட்டுரையின் முதுகெலும்பு. உச்ச நிலையான மேஜர் லீகை அவர் எட்டவில்லை. அதை மழுப்பாமல் எழுதுங்கள். எட்டாததைச் சொல்வது அவமரியாதை ஆகாது. அவர் எவ்வளவு தூரம் போனார் என்பதை அதை வைத்துத்தான் அளக்க முடியும்.

இன்னொன்று, முதல் வரியிலேயே 'பேஸ்பால் வீரர்' என்று போட்டுவிடுங்கள். 2023 ஐபிஎல்லில் கடைசி ஓவரில் தொடர்ந்து ஐந்து சிக்சர் அடித்த கிரிக்கெட் வீரர் ரிங்கு சிங் வேறு ஒருவர். பெயர்க் குழப்பத்தில் ஒருவருடைய வாழ்க்கை இன்னொருவர் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வது இணையத்தில் அடிக்கடி நடக்கிறது.

வறுமையை எழுதவே கூடாதா, சாதியை எழுதவே கூடாதா என்று கேட்பீர்கள். இதே அளவுகோலை வைத்துப் பாருங்கள். தலித் கிரிக்கெட் வீரர் பல்வங்கர் பாலு புனேயில் வெள்ளையர் கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்க்கு ஆடுகளத்தை உருட்டிச் சமன்செய்யும் வேலை பார்த்தவர். வலையில் வெள்ளைக்கார ஆட்டக்காரர்களுக்கு மணிக்கணக்கில் பந்து வீசித்தான் அவருடைய சுழல் கூர்மையானது. இந்துக்கள் அணிக்கு அவர் ஆடியபோது, தேநீர் இடைவேளையில் அரங்கத்துக்கு வெளியே தனி மண்குவளையில் அவருக்குத் தேநீர் கொடுத்தார்கள். 1911 இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட் எடுத்த அவருக்கு இந்துக்கள் அணியின் தலைமைப் பொறுப்பு கடைசிவரை கொடுக்கப்படவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923இல்தான் அந்த அணிக்குத் தலைவரானார். இங்கே அந்த மண்குவளையை விட்டுவிட்டால் பாலு ஏன் தலைவராகவில்லை என்பதே புரியாமல் போகும். அதனால் அது வாழ்க்கைக் குறிப்பில் இருந்தே ஆக வேண்டும். அதே நேரத்தில், இன்று ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர் எந்தச் சாதி என்று தேடிக் கண்டுபிடித்துப் பக்கத்தின் தலைப்பில் ஒட்டுகிறார்களே, அது எந்த ஆட்டத்தையும் விளக்குவதில்லை. அது வெறும் பெருமை பேசல், அல்லது அதைவிட மோசமான ஒன்று.

உடல்நிலை பற்றி எழுதும்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் வீரர் லூ கெரிக் தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடியவர். 1939 மே மாதம் அந்தத் தொடர்ச்சி நின்றது. ஜூலை 4 அன்று மைதானம் நிறைந்த மக்கள் முன்னால் நின்று அவரே விடைபெற்றார். அவருடைய நோய் ஆட்டத்தை முடித்தது. உலகத்தின் முன்னால் அதைப் பற்றிப் பேசியதும் அவரே. அதை எழுதாமல் கெரிக்கைப் பற்றி எழுத முடியாது.

நம் சாந்தி சௌந்தரராஜன் நிலைமை வேறு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்து, 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றவர். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தச் செய்தி அவரிடம் மரியாதையாகச் சொல்லப்படுவதற்கு முன்பே ஊடகங்களில் ஓடியது. பதக்கம் பறிக்கப்பட்டது விளையாட்டு வரலாறு. அதை எழுதத்தான் வேண்டும். அந்தச் சோதனை முறை நியாயமானதா என்ற கேள்வியையும் எழுத வேண்டும். ஒடிசாவின் ஓட்டக்காரர் தூத்தி சந்த் வழக்குத் தொடுத்து, 2015இல் சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அத்தகைய விதியை நிறுத்திவைத்ததையும் சேர்க்கலாம். சாந்தி பிறகு பயிற்சியாளராகி அடுத்த தலைமுறையை ஓடவைத்ததைக் கட்டாயம் எழுத வேண்டும். ஆனால் ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய மருத்துவ விவரங்கள் அவருக்கு மட்டுமே சொந்தம். எங்கோ கசிந்து அச்சில் வந்துவிட்டது என்பதற்காக அவற்றை நாம் மறுபடி பரப்ப வேண்டியதில்லை. ஆதாரம் இருக்கிறது என்பதும் எழுதும் உரிமை இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. ஒரு மனிதரை ஒருமுறை காயப்படுத்திய செய்தியை இணையப் பக்கத்தில் நிரந்தரமாக வைத்தால், தேடுகிற ஒவ்வொருவரும் அந்தக் காயத்தைத் திறந்து பார்ப்பார்கள்.

இதே முலுண்டில், புகழ்பெற்ற ஆட்டக்காரர் எந்த அடுக்குமாடியில் குடியிருக்கிறார், குழந்தை எந்தப் பள்ளிக்குப் போகிறது என்பதையெல்லாம் ஆர்வத்தோடு எழுதிவைப்பவர்கள் உண்டு. எந்த மைதானத்தில் பந்து பொறுக்கி வளர்ந்தார் என்பதை எழுதுங்கள். கட்டடத்தின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் விட்டுவிடுங்கள். அந்தக் குழந்தை ஆட்டம் ஆட வரவில்லை.

இதுவரை மிகையைப் பற்றியே சொன்னேன். என்னை அதிகம் வருத்துவது குறைதான். நம் ஆட்டக்காரர்களைப் பற்றி வேண்டாதது வழிகிறது, வேண்டியது இல்லை. ஹாக்கி வீரர் தன்ராஜ் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1968இல் புனே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராபி, நான்கு ஆசிய விளையாட்டு, மொத்தம் 339 சர்வதேச ஆட்டங்கள். இவ்வளவு ஆடியவர் எத்தனை கோல் போட்டார் என்று கேட்டால், 170க்கு மேல் என்ற மதிப்பீடுதான் கிடைக்கிறது. இந்திய ஹாக்கி சம்மேளனம் அந்தக் கணக்கை அதிகாரபூர்வமாக வைத்துக்கொள்ளவில்லை. பேஸ்பாலில் நூறாண்டுக்கு முன்பு ஆடிய, யாரும் நினைவில் வைத்திராத ஒருவர் எந்த நாளில் எத்தனை முறை மட்டை பிடித்தார் என்பதைக்கூட இன்று எடுத்துவிடலாம். 1989இல் டேவிட் ஸ்மித் தொடங்கிய 'ரெட்ரோஷீட்' என்ற அமைப்பில் தன்னார்வலர்கள் கிளப்புகளிடமும் பத்திரிகையாளர்களிடமும் கிடந்த பழைய ஸ்கோர் நோட்டுகளைத் தேடி வாங்கி, ஒவ்வொரு ஆட்டத்தையும் வரிவரியாகப் பதிந்து வைத்ததுதான் அதற்கு முக்கியக் காரணம். அந்த வேலையை அரசாங்கம் செய்யவில்லை. ஆட்டத்தை நேசித்தவர்கள் செய்தார்கள்.

நீளத்தைக் கண்டு நான் பயப்படுவதில்லை. உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதினார். அதில் எந்தத் தகவலும் அந்தப் புலவரின் புலமையையும் அவர் பாடம் சொன்ன விதத்தையும் விட்டு விலகிப் போவதில்லை. அதனால் அந்த நீளம் யாருக்கும் சுமையாக இல்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். ரிங்கு சிங் கட்டுரையை நான் சொன்னபடி சுருக்கி முடியுங்கள். ஒரு நல்ல பக்கம் அளவுக்கு வந்தால் போதும். பிறகு உங்கள் வீட்டுப் பக்கமே திரும்புங்கள். எண்பதுகளின் நடுவில் தன்ராஜ் மும்பைக்கு வந்தது அண்ணன் ரமேஷை நம்பி. ரமேஷ் அப்போது உங்கள் செம்பூர் ஆர்.சி.எஃப். உர நிறுவன அணிக்காக மும்பை லீகில் ஆடிக்கொண்டிருந்தார்; இந்தியாவுக்காகவும் ஆடியவர். தம்பியை வேகமான முன்கள ஆட்டக்காரராக வளர்த்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த அணியில் கூட ஆடியவர்கள், எதிரணியில் நின்று தடுத்தவர்கள், ஸ்கோர் எழுதியவர்கள் பலருக்கு இன்று அறுபது வயதுக்கு மேல். சிலர் இன்னும் அந்த நிறுவனக் குடியிருப்புகளின் அக்கம்பக்கத்திலேயே இருக்கக்கூடும். போய்க் கேளுங்கள். எந்த ஆண்டு, எந்த அணிக்கு எதிராக, எந்த மைதானம், யார் கோல் போட்டார் என்று கேளுங்கள். மண் தரையிலிருந்து செயற்கைப் புல்தரைக்கு மாறியபோது மட்டையையும் ஓட்டத்தையும் எப்படி மாற்றிக்கொண்டார்கள் என்று கேளுங்கள். பழைய பரிசளிப்பு மலர்களும் நாளிதழ் நறுக்குகளும் இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் சான்று இருப்பதைத்தான் கலைக்களஞ்சியம் ஏற்கும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் குறித்து வையுங்கள்.

1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் 32 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் வாங்கித் தந்த அணிக்குத் தலைவர் தன்ராஜ். அதன் பிறகு அவரும் இன்னும் சில மூத்த வீரர்களும் அணியிலிருந்து விடப்பட்டார்கள். ஓய்வு கொடுத்தோம் என்பது அதிகாரபூர்வ விளக்கம். வசதிக் குறைவையும் படிக்காசையும் பற்றி வாய் திறந்ததற்குத் தண்டனை என்பது அன்று பரவலாகப் பேசப்பட்டது. இப்படிப்பட்ட இடத்தில் இரண்டையும் யார் சொன்னது என்று குறிப்பிட்டு அடுத்தடுத்து எழுதுங்கள். முடிவு வாசகரிடம் இருக்கட்டும்.

விளையாட்டுக்காரரின் உடலில் வலு இருப்பது சில ஆண்டுகள்தான். அதற்குப் பிறகு அவருக்கு மிஞ்சுவது நாம் எழுதிவைப்பது மட்டுமே. அது சரியாக இருக்க வேண்டும், அவர் பேரப்பிள்ளைகள் முன்னால் படித்துக் காட்டத் தக்கதாக இருக்க வேண்டும். ரமேஷ் பிள்ளை பற்றி நீங்கள் திரட்டும் முதல் தகவல்களை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே சரிபார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் முலுண்ட் நண்பன்