தோலும் தோட்டத் தொழிலும்

தோட்டப்புறத்தில் வளர்ந்த நமக்கு ‘மருந்தடிக்கும் வேலை’ என்ற பேச்சு புதிதன்று. புல்லைக் கொல்லும் நஞ்சுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் மருந்து! கரங்கான் போன்ற கெடா மாநிலத் தோட்டப்புறங்களில் நம் அம்மாக்களும் பாட்டிமார்களும் முதுகில் தோம்பைச் சுமந்து அடித்தது இந்த ‘மருந்தை’த்தான். பெயர் இனிமையாக இருப்பதால் அச்சம் குறைந்துவிடுகிறது. வாயில் படாவிட்டால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கின்றனர். அது உண்மையா?

தோல் சுவரன்று

தோலின் மேலடுக்கு, இறந்த உயிரணுக்களும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய காப்பு. பல இரசாயனங்கள் இதனைக் கடந்து இரத்தத்தில் கலக்கும். வெயில், வியர்வை, கீறல், வெடிப்பு ஆகியவை அவற்றுக்கு வழியை அகலத் திறந்துவிடும். உடலின் எல்லாப் பகுதிகளும் ஒன்றுபோல் உறிஞ்சுவதுமில்லை. பாரத்தியோன் என்னும் பூச்சிக்கொல்லியைக் கொண்டு மேய்பாக் குழுவினர் 1971-இல் வெளியிட்ட ஆய்வில், முன்கை ஏறக்குறைய 9 விழுக்காடும் நெற்றி 36 விழுக்காடும் உறிஞ்சியது தெரியவந்தது. நஞ்சு பட்ட கையுறையால் நெற்றி வியர்வையைத் துடைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை இது உணர்த்துகிறது.

பாரகுவாட் தந்த பாடம்

நம் தோட்டங்களில் நெடுங்காலம் அடிக்கப்பட்ட களைக்கொல்லி பாரகுவாட். இது தோலைப் புண்ணாக்கும், நகங்களைச் சிதைக்கும். புண்ணான தோல்வழி உள்ளே சென்றால் நுரையீரலையும் தாக்கும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. தோட்டங்களில் மருந்தடிக்கும் தொழிலாளர்களின் பாதிப்புகளை, ஐரின் பெர்னாண்டஸ் தோற்றுவித்த தெனாகனித்தா அமைப்பு 2002-இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டில் அரசு பாரகுவாட்டைத் தடை செய்ய முடிவெடுத்தது. ஆனால், 2006-இல் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இறுதியாக 2020 ஜனவரி 1-இல்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. பாரகுவாட் போனாலும் தோம்பு போகவில்லை. வேறு களைக்கொல்லிகள் அதில் நிரப்பப்படுகின்றன.

செய்ய வேண்டியவை

1. துணிக் கையுறை வேண்டாம். அது நஞ்சை உறிஞ்சித் தோலோடு ஒட்ட வைத்திருக்கும். இரசாயனம் புகாத நைட்ரில் கையுறையே ஏற்றது.
2. கால்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும். உள்ளே செருகினால் வழியும் நஞ்சு பூட்ஸுக்குள் இறங்கும்.
3. ஒழுகும் தோம்பைச் சுமக்கக் கூடாது. முதுகு நனைந்தால் நாள் முழுதும் நஞ்சில் ஊறுவதாகும்.
4. தோலில் பட்டால் நனைந்த உடையை உடனே கழற்றி, குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். உண்பதற்கு முன் மட்டுமன்றி, கழிவறைக்குச் செல்லும் முன்னும் கை கழுவ வேண்டும்.
5. வேலை உடையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.
6. கையை மண்ணெண்ணெயால் கழுவக் கூடாது. அது தோலின் கொழுப்பைக் கரைத்து வெடிக்கச் செய்யும். குளித்தபின் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுவது வறட்சியைத் தணிக்கும். அது கையுறைக்கு மாற்றாகாது.
7. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் போர்மிக் அமிலத்தைக் கலக்கும்போது நீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது.

யார் பொறுப்பு?

கொளுத்தும் வெயிலில் கையுறையும் முகமூடியும் அணிந்து வேலை செய்வது எளிதன்று. ஆகவே, “நீ ஏன் போடவில்லை?” என்று தொழிலாளியை மட்டும் கேட்பது நியாயமாகாது. நச்சுத்தன்மை குறைந்த மருந்தைத் தேர்ந்தெடுப்பதும், வேலைக்காட்டில் கழுவ நீர் வைப்பதும் நிர்வாகத்தின் கடமை. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி பாதுகாப்புக் கருவிகளுக்காகத் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது. புகார் செய்ததற்காக வேலையை விட்டு நீக்கவும் கூடாது. இந்தக் காப்பு இந்தோனேசியா, வங்காளதேசத்திலிருந்து வந்து இன்று அதே தோம்பைச் சுமப்பவர்களுக்கும் உரியது.

மாணவ நண்பர்களே, விடுமுறையில் வீடு திரும்பும்போது நஞ்சுப் புட்டியின் லேபிளில் உள்ள சிறிய எழுத்துகளைப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அதனை மருந்து என்று சொல்லாமல் நஞ்சு என்றே சொல்லிப் பழகுவோம். வருமுன் காப்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது.